தாய்மாமன் குடிக்க வேண்டிய தண்ணீர்

மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கார் நிறுத்துகிற இடத்தைத் தாண்டிப் போனதில்லை. அதுவும் கல்ஃபுக்குப் போகிற சொந்தக்காரர்களின் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனதுதான். இருந்தும் என்னைக் கேட்பதற்குக் காரணம், கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன். தெரியாது என்ற வார்த்தை என் வாயில் வராது. கடைக்காரனுக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி.

என் கடை வட்டக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. கோட்டைச் சுவரில் நின்று கடலோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்குகிற இடத்தில் ஒரு பலகை தொங்கும்: ‘வைகுண்டராஜன் ஸ்டோர். அசல் கன்னியாகுமரி முந்திரி.’ வைகுண்டராஜன் நான்தான். பலகையில் அதுவரைக்கும் உண்மை. முந்திரி எங்கே விளைந்தது என்று கேட்கிறவர்களுக்கு, வடக்கே நீலமாகத் தெரிகிற மலையைக் கை நீட்டிக் காட்டுவேன். அந்தப் பக்கம் இருப்பது கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டம். ரப்பர் மரம் முந்திரி காய்த்தால்தான் என் வாக்கு பலிக்கும். என் பருப்பு மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸிலிருந்து வருகிறது. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கிற ஆலைக்கு எங்கள் மாவட்டத்தில் அதுதான் பெயர். அந்த ஆபீஸுக்குக் கொட்டை கப்பலில் வரும். கப்பல் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை. என் தங்கச்சி மகள் ரேஷ்மி அந்தப் பக்கமே வாழப் போகிறேன் என்று சொல்லும் வரைக்கும் கேட்க அவசியமும் வரவில்லை.

ரேஷ்மியின் அப்பா அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு என் தங்கச்சி பகவதியம்மாள் ஒரு தீப்பெட்டி வாங்குவதானாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். எனக்கும் என் மனைவி சபிதாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதை ஒரு குறையாக நினைத்து உட்காரவும் ரேஷ்மி விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சபிதாவோடு மீன் வெட்ட உட்கார்ந்தாள் என்றால், சாயங்காலம் என் ஸ்கூட்டரில்தான் வீட்டுக்குத் திரும்புவாள். இப்போது தனியார் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் டீச்சர்.

அவளுக்குப் பிடித்த பையன் பெயர் ரதீஷ். பூதப்பாண்டிக்காரன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு அண்டி ஆபீஸ் ஒன்றில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் கூட வேலை செய்கிற டீச்சரின் கல்யாணப் பந்தியில் எதிர் எதிரே இலை போட்டிருக்கிறார்கள். அவன் தன் இலையில் விழுந்த இரண்டாவது போளியை இவள் இலைக்கு மாற்றினானாம். அதற்குமேல் என்னிடம் சொல்லப்படவில்லை.

அதற்குள் ஆப்பிரிக்காவில் பெனின் என்கிற தேசத்தில் ஒரு முடிவெடுத்தார்கள். தங்கள் முந்திரிக்கொட்டையை அப்படியே கப்பலேற்றி நம்மூருக்கு அனுப்புவதில்லை, இனி அங்கேயே உடைத்துப் பருப்பாக்குவது என்று. புதிதாக ஆலைகள் வந்தன. உடைக்கிற மெஷினைத் தெரிந்த ஆட்கள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ரதீஷ் அந்த நாட்டின் வடபகுதியில் வெனாரூ என்ற ஊரில் ஒரு சின்ன ஆலைக்குப் பொறுப்பாகப் போனான். போன பிறகு தினமும் சாயங்காலம் ரேஷ்மிக்குப் போன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் போன் எங்கள் வீட்டுப் புழக்கடைப் படியில் நடக்கும். நான் ஒட்டுக் கேட்கிறவன் இல்லை. புழக்கடைப் பக்கத்து ஜன்னல் அருகே என் நாற்காலி கிடப்பது தற்செயல். காதலிக்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்கு ஓரளவு கற்பனை உண்டு. இவர்கள் பேசியது முழுக்க அந்த ஊரின் சமூக அறிவியல். மண் செங்கல் பொடி மாதிரி சிவப்பாம். ஒரே ஒரு மழைக்காலமாம். அது முடிந்ததும் வடக்கே பாலைவனத்திலிருந்து தூசிக்காற்று வந்து உதட்டை வெடிக்க வைக்குமாம். ஒரு காலத்தில் குதிரை வீரர்களின் ராஜ்ஜியமாம், பிறகு பிரெஞ்சுக்காரன் வந்தானாம், இன்றைக்கும் குதிரைக்குப் பட்டுத் துணி போர்த்தித் திருவிழா நடத்துகிறார்களாம். முன்பு பருத்தி, இப்போது முந்திரி. இவள் இடையிடையே “ம்”, “ம்” என்பாள். அந்த ‘ம்’மைக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் கை மீறிவிட்டது என்று.

பகவதியம்மாள் கல்யாணப் பேச்சோடு என்னிடம் வந்து நின்றாள். அண்ணன் சொன்னால் சரி, அண்ணன் வேண்டாம் என்றால் வேண்டாம். ரேஷ்மியும் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். மாமா சம்மதிக்காமல் நான் போகமாட்டேன் என்று அவளும் சொன்னாள். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு வேண்டாம் என்பதுதான் பதில். காரணம், ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்ல ஒரு தாய்மாமனுக்கு வாய் வருமா? அதனால் வேறு காரணம் தேடிப் போனைத் திறந்தேன். சிங்கம் ஜீப்பைத் துரத்துகிற ஒரு வீடியோ கிடைத்தது. பகவதியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ரேஷ்மி எட்டிப் பார்த்தாள்.

“மாமா, இது கென்யா. கென்யாவுக்கும் வெனாரூவுக்கும் உள்ள தூரம், நம்ம ஊருக்கும் காஷ்மீருக்கும் உள்ளதைவிடக் கூடுதலாக்கும்.”

சிங்கத்துக்குத் தூரம் பெரிசில்லை என்று சொன்னேன். சபிதா அடுக்களையிலிருந்து, “எனக்க கல்யாணத்துக்கு முந்தி இப்பிடி யாராவது நல்லா விசாரிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்” என்றாள்.

பாலைவனம் என்று ஆரம்பித்தேன். ரேஷ்மி அந்த ஊர்ச் சந்தையின் படத்தைக் காட்டினாள். பச்சைப்பசேலென்று கீரைக்கட்டு. பேச்சு மொழி என்றேன். அவள் ஏற்கெனவே பிரெஞ்சு படிக்க ஆரம்பித்திருந்தாள். கடைசியில் எனக்கு ஒரு பெரிய ஆயுதம் கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. கடலை ஒட்டின பூமி. ஒரு வீட்டுக் கிணறு இனிக்கும், சுவருக்கு அந்தப் பக்கத்துக் கிணறு உவர்க்கும். உப்புக் கிணற்று வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் ஆயுசு முழுக்கக் குடம் தூக்கித் தேய்ந்து போவாள். அதனால் வீடு காணப் போகும்போது பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். முழுசாகக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்தால் சம்மதம். மீதி வைத்தால் எழுந்து வந்துவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

பூதப்பாண்டித் தண்ணீரில் குறை சொல்ல முடியாது, பழையாற்றுப் பக்கம். ஆனால் ரேஷ்மி குடியிருக்கப் போவது பூதப்பாண்டியில் இல்லையே. “பிள்ளை எந்த ஊர்ல இருக்கப் போவுதோ அந்த ஊரு வெள்ளத்தை நான் குடிக்கணும். வழக்கம்னா வழக்கம்” என்றேன். சொல்லி முடித்ததும் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மீசையைத் தடவினேன். பகவதியம்மாளின் முகம் வாடியது. ரேஷ்மி போனை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். அன்றைக்கு ‘ம்’ சத்தம் கேட்கவில்லை. அவள்தான் பேசினாள்.

கொஞ்ச நாளில் யோவான் என்றொரு பையன் வீட்டு வாசலில் வந்து நின்றான். ரதீஷோடு அதே ஆலையில் வேலை செய்கிறவன், லீவில் வந்திருக்கிறான். பையிலிருந்து ஒரு லுங்கியை எடுத்தான். அதை விரித்தால் உள்ளே ஒரு டவல். டவலுக்குள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், மூடியைச் சுற்றி டேப்.

“மாமா, ஊர் போர்வெல் வெள்ளமாக்கும். ரதீஷ் அண்ணன் கையால பிடிச்சது. ஏர்போர்ட்ல என்னன்னு கேட்டாவ. கல்யாணத்துக்குள்ளதுன்னேன். மணத்திப் பாத்திட்டு விட்டுட்டாவ.”

சாயா குடித்துவிட்டு அவன் போய்விட்டான். பாட்டில் போகவில்லை. சபிதா அதை ஃபிரிட்ஜில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நேராக நிறுத்தினாள். நான் மோர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக மோரை வெறுத்தேன்.

எனக்குப் பயம். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது. இணையத்தில் நான் படித்த காய்ச்சல்கள் எல்லாம் தெளிவான தண்ணீரில் வரக்கூடியவை. முதலில் நாள் நல்லதில்லை என்றேன். பிறகு பல் வலி என்றேன். கடைசியில், கொதிக்க வைத்துக் குடித்தால் என்ன என்று சபிதாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“கொதிக்க வச்சா அது அவிய ஊரு வெள்ளமா, நம்ம கேஸ் அடுப்புக்க வெள்ளமா?” என்றாள் அவள்.

உடனே எனக்கு வழக்கத்தின் இன்னொரு பகுதி நினைவுக்கு வந்தது. தண்ணீரை வீடு கண்ட பிறகுதான் குடிக்க வேண்டும். வீட்டைப் பார்க்காமல் எப்படிக் குடிப்பது? இதிலும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ரதீஷின் அம்மா சத்தியபாய் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூதப்பாண்டிக்கு வாருங்கள், மகன் அங்கேயிருந்து வீடியோவில் வீட்டையும் ஊரையும் காட்டுவான், எங்கள் டிவி பெரியது என்றார்.

வீடு காணப் போவதென்றால் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வேனில் போக வேண்டும். அதுவும் வழக்கம். ஆப்பிரிக்காவைப் பார்க்கப் பூதப்பாண்டிக்கு வேன் பிடித்த முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். பெண்கள் எல்லோரும் பட்டுச்சேலை. எனக்கு முன் சீட். மடியில் பாட்டில். வழியெல்லாம் வயல் பச்சையாக ஓடியது. டிரைவர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, கோயில் தீர்த்தமா என்று பணிவாகக் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்றுதான் சொன்னேனே.

சத்தியபாய் எங்களைக் கூடத்தில் உட்கார வைத்து ஏத்தங்காய் வறுவலும் சாயாவும் கொடுத்தார். நெற்றியில் எங்களைப் போலவே நாமம். எங்கள் அய்யா வழி மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள்தான், அதிலும் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று. எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம், வெனாரூவில் காலை. டிவியில் ரதீஷ் தெரிந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்து வரை பட்டன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் நிற்பது போல நின்றான். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. வறுவலை வாயில் போட்டு அந்தப் பாவத்தை விழுங்கிவிட்டேன்.

“மாமா, எதெல்லாம் காணணும்னு சொல்லுங்கோ. காட்டுகேன்.”

ஊரிலிருந்து ஆரம்பி என்றேன். அவன் நடந்தான், போனும் நடந்தது, எங்கள் இருபது தலைகளும் டிவியோடு சேர்ந்து ஆடின. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டடம், கொடிக்கம்பம், வேப்பமரத்தடியில் வரிசையாக பைக். அதுதான் நகரசபை, மேயர் இங்கேதான் உட்காருவார் என்றான். சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் இந்த நகரசபையாம். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வெறும் வெளி. எங்கள் பக்கத்தில் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பஞ்சாயத்து போர்டுக்கே சந்தேகம் இருக்கும். இவ்வளவு வெற்றிடத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் யார் பேரிலாவது பட்டா இருக்குமா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

சிவப்பு ரோடு. சந்தை. மரக்கட்டை மாதிரி நீண்ட கிழங்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். நம்ம ஊர்க் காச்சில் கிழங்குக்கு அண்ணன் தம்பிதான் என்று பகவதியம்மாள் கண்டுபிடித்தாள். அதிலிருந்து அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிழங்கு விளைகிற ஊரில் மகள் பட்டினி கிடக்கமாட்டாள்.

பிறகு தோப்பு. மரத்தடியெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. பெண்கள் குனிந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டார்கள். மரங்கள் போய்க்கொண்டே இருந்தன, முடியவில்லை. அத்தனை காலம் முந்திரி விற்றவன், ஒரு முந்திரிக்காட்டை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். சபிதா என் காதருகே குனிந்து, “அந்தா தெரியுதே, அதாக்கும் உங்க கீரிப்பாறை மலை” என்றாள்.

கடைசியில் வீடு. இரண்டு அறை, தகரக் கூரை, முன்னால் ஒரு வராந்தா. புதிதாக வெள்ளையடித்திருந்தான். அடுக்களையில் இட்லிப் பாத்திரம் பளபளத்தது. அதை வாங்க எத்தனை மணி நேரம் பஸ்ஸில் போனான் என்று ரேஷ்மிக்குத் தெரிந்திருக்கும், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜன்னல் திரை பச்சை. அன்றைக்கு ரேஷ்மி கட்டியிருந்த சேலையும் அதே பச்சை. அறையின் மூலையில் ஒரு கண்ணாடி, அதன் முன்னால் ஒரு சின்ன விளக்கு. எங்கள் வீட்டுப் பூஜை மூலையில் இருப்பது போலவே. பகவதியம்மாள் கண்ணைத் துடைத்தாள். நான் துடைக்கவில்லை. எனக்கு வறுவல் காரம்.

அப்போது படத்துக்குள் ஒரு பெரிய அம்மாள் வந்தார். உடம்பைச் சுற்றி நீலப் பூப்போட்ட துணி, தலையில் அதே துணியில் கட்டு. ரதீஷ் தள்ளி நின்று வழிவிட்ட விதத்திலேயே மரியாதைப்பட்டவர் என்று தெரிந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர், நகரசபை உறுப்பினர், நாங்கள் பார்த்த தோப்பில் பாதி அவருடையது. பெயர் பாக்கே. அவர் கையில் சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டிச் செய்த ஒரு கிண்ணம். அதில் தண்ணீர். அவர் முதலில் தான் ஒரு மிடறு குடித்தார். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் போனை நோக்கி நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

ரதீஷ் விளக்கினான். இங்கே வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர். வீட்டுக்காரர்தான் முதல் மிடறு குடிக்க வேண்டும், நல்ல தண்ணீர்தான் என்று காட்டுவதற்கு. விருந்தாளி குடித்த பிறகுதான் எந்தப் பேச்சும். நீங்கள் வீடு காண வந்திருப்பதாகச் சொன்னேன், உடனே கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் வழக்கத்தை நான் வேலியாக நட்டு வைத்திருந்தேன். அந்த அம்மாள் வேலியின் மறுபுறம் அதே வழக்கத்தோடு நிற்கிறார். கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. பாட்டில் என் மடியில். சத்தியபாய் ஒரு வெள்ளித் தம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டேப்பைப் பிரித்துத் தண்ணீரை ஊற்றினேன்.

தம்ளரை எடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். பிறகு கீழே வைத்துவிட்டு, இந்தத் தண்ணீரை அந்த ஊரில் கொதிக்க வைத்துக் குடிப்பார்களா, அப்படியேவா என்று கேட்டேன். ரதீஷின் முகம் சுருங்கியது. ஆனாலும் கேட்டான். அந்த அம்மாள் கிண்ணத்தை இறக்காமலே ஏதோ திருப்பிக் கேட்டார். ரதீஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“ஒண்ணுமில்ல மாமா. உங்க வீட்டுக் கிணத்து வெள்ளம் எப்பிடி இருக்கும்னு கேக்காவ.”

நான் தொண்டையைச் செருமினேன். கல்கண்டு மாதிரி இருக்கும் என்று சொல்வதற்குள் சபிதா முந்திவிட்டாள்.

“மக்கா, உள்ளதைச் சொல்லு. எங்க கிணறு உப்பாக்கும். நாங்க குடிக்கது கேன் வெள்ளம். நான் கல்யாணம் முடிச்சு வந்த நாள்லேருந்து அந்தக் கிணத்து வெள்ளத்தை வாயில வச்சதில்ல. எங்க வீட்டுக்குப் பொண்ணு கொடுக்கணும்னா இவியோ வழக்கப்படி ஒருத்தனும் கொடுக்கமாட்டான்.”

உண்மை. சபிதாவின் தாய்மாமன் தண்ணீர் குடிக்க வந்த அன்றைக்கு என் அப்பா பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் வாங்கி வைத்திருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டிவியில் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ரதீஷ் சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தார். இந்தப் பக்கமும் சில கிணறுகள் அப்படித்தான், பாவம் என்றாராம். கிண்ணம் மட்டும் இறங்கவில்லை. அவர் கை வலிக்கும் என்று எனக்குத் தோன்றியது.

பகவதியம்மாள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தம் உயர்த்தவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“அண்ணே, சாமித்தோப்புல முத்திரிக்கிணத்துல நின்னு எல்லாரும் குடிக்க வெள்ளத்தைத்தானே நாமளும் குடிக்கோம். யாரு தொட்ட வெள்ளம்னு என்னைக்காவது கேட்டியளா?”

எங்கள் மார்க்கம் தொடங்கிய காலத்தில், சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக இறைத்துக் குடிக்க வைத்த கிணறு அது. எந்தக் கிணற்றைச் சுற்றி எங்கள் கூட்டமே நிமிர்ந்து நின்றதோ, அந்தக் கிணற்றை அவள் என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நான் ரேஷ்மியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டிவியில் தெரிந்த பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே தன் வீட்டு ஜன்னல் போல. நான் வேண்டாம் என்றால் அவள் போகமாட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் மீன் வெட்ட வருவாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும். புழக்கடைப் படி காலியாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்த்தேன்.

தம்ளரை எடுத்துக் குடித்தேன். முதல் மிடறில் லேசாகப் பிளாஸ்டிக் மணம். அடுத்ததில் இரும்புச் சுவை, பிறகு வெறும் தண்ணீர். நல்ல தண்ணீர். எங்கள் கேன் தண்ணீரைவிட நல்லது என்று சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது. தம்ளரைக் கவிழ்த்தேன். பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போட்ட குரவை கூடத்தை நிறைத்தது. வெனாரூவில் அந்த அம்மாள் கிண்ணத்தை இறக்கிவிட்டு, கையைத் தட்டினார். ரதீஷ் போனைத் தவறவிட்டான். கொஞ்ச நேரம் நாங்கள் தகரக் கூரையைத்தான் பார்த்தோம்.

பேச்சு தொடங்கிவிட்டது. அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, உங்கள் ஊரில் என்ன விளையும் என்பது. தண்ணீர் உள்ளே போன தைரியத்தில் நெஞ்சு விரிந்திருந்தேன். கடை வாசலில் நின்று எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம் தானாக வெளியே வந்தது.

“முந்திரி. உலகத்திலேயே நம்பர் ஒன். எங்க மலையில விளையது.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. என் பின்னால் எங்கள் குடும்பமே மூச்சை அடக்கியது. ரதீஷ் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு அந்த அம்மாளிடம் நிதானமாக, நீளமாக ஏதோ சொன்னான். நான் சொன்னது இரண்டே வரி. அவர் கேட்கக் கேட்க முகம் மலர்ந்து, நெஞ்சில் கை வைத்து என்னைக் கும்பிடுவது போலக் குனிந்தார். நானும் குனிந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் ரேஷ்மி எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பிரெஞ்சில் அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“இவியோ எனக்க மாமா. இந்த ஊரு முந்திரியை கடல்கரையில வச்சு இந்தியா முழுக்கயிருந்து வாற ஆளுகளுக்குக் கொடுக்காவ. இதைவிட நல்ல பருப்பு உலகத்தில இல்லைன்னு ஓரோரு ஆள்கிட்டயும் சொல்லுவாவ. அப்பிடின்னாரு.”

பொய் ஒன்றும் இல்லை. என்னை வைத்து ஒரு உண்மையைச் சொல்ல முடியும் என்று அதற்குமுன் யாருக்கும் தோன்றியதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்று வேகமாக அடித்தது, கண் கலங்கத்தான் செய்யும். பையன் கொள்ளாம், நல்லவன்தான் என்றேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று சபிதா சொன்னாள்.

கல்யாணம் அங்கே முந்திரி அறுவடை முடிந்ததும் என்று நிச்சயமாயிற்று. போன வாரம் ரதீஷ் போன் செய்தான். பாக்கே அம்மாவும் அவனோடு கல்யாணத்துக்கு வருகிறாராம். எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று விருப்பமாம். ரேஷ்மி இனி அவருடைய ஊர்க்காரி என்பதால், அவளைக் கொடுக்கிற தாய்மாமன் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமாம். எங்கள் கிணற்று நீரை ஒரு வாய் குடிக்க ஆசைப்படுகிறாராம்.

போனை வைத்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கம்பி வலைக்கு மேல் வருஷக்கணக்கான தென்னஞ்சருகு. யோசித்தேன். பூதப்பாண்டியிலிருந்து ஒரு டேங்கர் லாரித் தண்ணீர் வாங்கி, முதல் நாளே கிணற்றுக்குள் ஊற்றிவிட்டால் என்ன என்று சபிதாவிடம் கேட்டேன்.

அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏன், இதுவும் கீரிப்பாறையில விளைஞ்ச வெள்ளமா?”

ஆள் கூப்பிட்டு வலையை எடுத்து, சருகை வாரி, கிணற்றை இறைத்தேன். இறைத்தாலும் ஊறி வருவது உப்புதான். உப்பு என்றால் உப்பையே கொடுப்பது என்று முடிவு செய்தேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் வழக்கப்படி முதல் மிடறை வீட்டுக்காரன்தான் குடிக்க வேண்டும், அதுவும் முகத்தைச் சுளிக்காமல்.

அதனால் இப்போது தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ரேஷ்மி மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணை மூடக்கூடாது மாமா” என்றாள். “இன்னொருக்கா.”